துளை போனது, பொட்டு நின்றது

குஜராத்தில் 15-ம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஒரு கல்பசூத்திரப் பிரதியைப் பார்ப்பவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது தங்கம். அடுத்தது நீலம். ஏட்டின் நடுவே, எழுத்துகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்திருக்கும் சிவப்புப் பொட்டை யாரும் பொருட்படுத்துவதில்லை. அந்த நூலின் பூர்வகதையே அதில்தான் இருக்கிறது.

அதற்கு முன்பு மேற்கிந்திய சமணர்களின் நூல்கள் ஓலையில் இருந்தன. ஓலைகளைக் கட்டக் கயிறு வேண்டும். கயிற்றுக்குத் துளை வேண்டும். துளையைச் சுற்றி எழுத்து படாமல் இடம் விட வேண்டும். 14-ம் நூற்றாண்டில் காகிதம் பரவியதும் துளைக்கு வேலை இல்லாமல் போனது. ஆனாலும் எழுத்தர் பழக்கம் மாறாமல் இடம் விட்டார். ஓவியர் அதில் பொட்டு வைத்தார். காகிதத்தை எந்த அளவிலும் வெட்டலாம் என்றாலும், நீண்டு ஒடுங்கிய ஓலை வடிவமே தொடர்ந்தது.

ஓலை, ஓவியரின் கையையும் கட்டிப்போட்டிருந்தது. தமிழ்நாட்டைப் போல எழுத்தாணியால் கீறாமல், அங்கே மையால்தான் எழுதினார்கள். முதலில் எழுத்து, மிச்சம் விட்ட கட்டத்தில் படம். ஏட்டின் அகலமோ சில விரற்கடை. வழுவழுப்பான ஓலையில் வண்ணம் ஊறாது, வளைந்தால் உதிரும். காகிதம் இந்தக் கட்டுகளைத் தளர்த்தியது. ஏடுகள் மெல்ல உயரம் கூடின, கோடுகள் நுணுகின. ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் சுரங்கங்களிலிருந்து வந்த லாபிஸ் லாசுலிக் கல்லின் நீலம், சிவப்புப் பின்னணியின் இடத்தைப் பிடித்தது. புண்ணியம் தேடி நூல் எழுதுவித்த வியாபாரிகளின் செல்வம் ஏட்டிலேயே மின்னியது. இதை வெறும் ரசனை மாற்றம் என்று சொன்னால் பாதிக் கதைதான்.

மீதிக் கதை இன்று எளிதில் தொலையக்கூடியது. பழைய பிரதிகள் பல ஏடு ஏடாகப் பிரிக்கப்பட்டு, அருங்காட்சியகங்களுக்கும் தனியார் சேகரிப்புகளுக்கும் போய்விட்டன. கண்ணாடிச் சட்டத்துக்குள் போன ஏடு வெறும் 'ஓவியம்' ஆகிவிடுகிறது. பின்பக்கம் சுவரைப் பார்த்திருக்கிறது. முன்னும் பின்னும் வந்த ஏடுகள் எங்கே என்று கேட்பாரில்லை.

சுவடிகளைக் காக்க மத்திய அரசு 2003-ல் தேசிய இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட சுவடிகளைப் பதிவு செய்யும் 'ஞான பாரதம்' திட்டம் 2025 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. அவசியமான வேலை. ஆனால் கேமரா எழுத்தைக் காப்பாற்றும் அளவுக்குப் பொருளைக் காப்பாற்றுவதில்லை. ஏட்டின் கனம், சாய்த்தால் மட்டும் பளிச்சிடும் தங்கம், பல கைகள் புரட்டித் தேய்ந்த ஓரம் ஆகியவை திரையில் தெரியாது. இரண்டு பக்கங்களையும் படமெடுத்து, அளவையும் பொருளையும் பக்கத்திலேயே குறித்து வைத்தால் பெரும்பகுதி தப்பும்.

இல்லாவிட்டால், நாளைய வாசகர் அந்தச் சிவப்புப் பொட்டை வெறும் அலங்காரம் என்று நினைத்து அடுத்த படத்துக்குப் போய்விடுவார்.