கல்லும் கற்களும்

ஒருமை பன்மைப் பாடம் என்றதும் மாணாக்கன் கொட்டாவி விடுகின்றான். குற்றம் அவன்மேல் இல்லை. ‘ஒன்றைக் குறிப்பது ஒருமை, பலவற்றைக் குறிப்பது பன்மை’ என்று கரும்பலகையில் எழுதி, பத்துச் சொற்களைப் பன்மையாக்கச் சொல்லிவிட்டு, மணி அடித்ததும் ஆசிரியர் போய்விடுகின்றார். ஐந்து அகவையிலேயே ‘பூக்கள்’ என்றும் ‘மரங்கள்’ என்றும் பிழையறப் பேசிய பிள்ளைக்கு, அறிந்ததையே அறியாததுபோல் மீண்டும் ஓதினால் உறக்கம் வாராமல் வேறென்ன வரும்?

ஆயினும் அப்பிள்ளை அறியாத ஒன்று உண்டு. மரம் ‘மரங்கள்’ ஆகும்பொழுது மகரம் எங்கே போயிற்று? பூ ‘பூக்கள்’ ஆகும்பொழுது நடுவில் ஒரு ககரம் எங்கிருந்து வந்தது? தன் நா நாள்தோறும் செய்யும் இவ்வேலையை அவன் ஒருநாளேனும் நின்று பார்த்ததில்லை. பார்க்கச் செய்வதே இலக்கண ஆசிரியரின் பணி.

அதற்குப் பொத்தகம் வேண்டா. மாணாக்கரைப் பள்ளி முற்றத்திற்கு அழைத்துச் சென்று, கண்ணிற்பட்ட பொருள்களின் பெயர்களைத் துண்டுத்தாள்களில் எழுதச் சொல்லலாம். ஒவ்வொன்றின் பன்மையையும் வாய்விட்டுச் சொல்லி, ஒலி ஒத்தவற்றை ஒன்றாகக் குவிக்கட்டும். மரம், பழம், குளம் ஒரு குவியல். பூ, ஈ, தெரு ஒரு குவியல். வீடு, ஆடு, காடு பிறிதொன்று. கல், பல், முள் இன்னொன்று. இந்நான்காம் குவியலில் எவனேனும் ஒருவன் ‘நூல்’ என்னும் தாளைப் போடுவான். அங்கேதான் சுவை தொடங்குகின்றது. கல் ‘கற்கள்’ ஆயின் நூல் ஏன் ‘நூல்கள்’ என்றே நிற்கின்றது? கால், தேள், விரல், கடல் என ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்த்தபின், தனிக்குறிலை அடுத்து வரும் லகர ளகரங்களே இங்குத் திரிகின்றன என்பதை எவரும் சொல்லாமலே அவர்கள் காண்பர். தாம் கண்ட நெறியை எந்தப் பிள்ளையும் மறப்பதில்லை.

‘நாள்’ எக்குவியலில் சேரும் என்று அடுத்துக் கேட்கலாம். நெடிலை அடுத்த ளகரமாகலின் ‘நாள்கள்’ என்பதே நேரிது. ‘நாட்கள்’ என்பதோ, புறநானூற்றில், காலைப்பொழுதிற் பருகும் கள்ளைக் குறித்த சொல். வகுப்பு நகைக்கும், நகைக்கட்டும். திருமண அழைப்பிதழ்தோறும் காணும் ‘வாழ்த்துக்கள்’ தெருவோடு சேருமா, வீட்டோடு சேருமா என்பதையும் அவர்களே ஆய்ந்து சொல்லட்டும். குற்றியலுகரம் என்னும் பெயரை அதன்பின் சொன்னாற் போதும்.

ஆங்கிலத்தில் பல், எலி, எருது, குழந்தை ஆகியவற்றின் பன்மைகள் ஒரு நெறிக்குள் அடங்காமல் திசைக்கொன்றாய் நிற்கின்றன. அவற்றை முணுமுணுக்காமல் நெட்டுருச் செய்யும் சிறுவன், நெறியோடு நிற்கும் தமிழ்ப் பன்மைக்கு அஞ்சுவானேன்? கற்பிக்கும் முறையே அவனை அஞ்சச் செய்கின்றது.

‘அவர் வந்தார்’ என்றால் எத்தனை பேர் என்று கேட்டால் ‘ஒருவர்’ என்பான். ‘அவர்’ பலரைக் குறித்த சொல்லே. மதிப்புக் கருதி ஒருவர்க்கும் அது வழங்கவே, பன்மைக்கு மேலும் ஓர் ஈறு வேண்டியதாயிற்று. தொல்காப்பியர் அஃறிணைக்குக் கூறிய ‘கள்’ உயர்திணைக்கும் ஏறியது. திருக்குறளிலேயே ‘மற்றையவர்கள்’, ‘பூரியர்கள்’ என வந்துள்ளது. இன்றோ மேடையில் ‘தலைவர் அவர்கள்’ என்று அதனையும் ஒருவர்க்கே ஈந்துவிட்டனர். இனிப் பன்மைக்கு எந்த ஈற்றைத் தேடுவதோ! ‘மக்கள்’ மட்டும் இதிற் சிக்காமல் தப்பியது.

மாறாக, ஈறே இல்லாமலும் பன்மை வரும். ‘மாடு வந்தது’, ‘மாடு வந்தன’ என்னும் இரண்டும் தமிழே. முன்னது ஒன்று, பின்னது பல. எண்ணை வினை காட்டிவிடுகின்றது. இந்நுட்பம் அறிந்த பிள்ளை ‘மாடுகள் வந்தது’ என்று எழுதான். ‘ஒவ்வொரு மாணவர்களும்’ என்று செய்தித்தாளிற் கண்டால் எள்ளி நகையாடுவான்.

அவ்வாறு கண்ட பிழைகளை மறுநாள் வகுப்பிற்கு எழுதிவரச் சொல்லலாம். கடைப்பலகை, சுவரொட்டி, பேருந்து எதனையும் அவர்கள் விடமாட்டார்கள். ஆசிரியர் எழுதும் கரும்பலகையையும் விட்டுவைக்க மாட்டார்கள். அதற்கும் அவர் அணியமாய் இருத்தல் வேண்டும்.