ஐஸ் கட்டியால் அடிக்காதீர்கள்!

குடிக்காதவர்கள் இதைப் படித்துவிட்டுக் குடிக்க ஆரம்பிக்க வேண்டாம். ஏற்கெனவே குடிப்பவர்களோடுதான் எனக்குச் சண்டை.

காசைக் கொட்டி ஒரு ஐரிஷ் விஸ்கி வாங்குகிறீர்கள். லேபிளில் 'சிங்கிள் பாட் ஸ்டில்' என்று போட்டிருக்கிறது. அப்புறம் என்ன செய்கிறீர்கள்? டம்ளர் நிறைய ஐஸ், அதன் தலையில் கோலா. கேட்டால், "ஸ்மூத்தா இறங்கும் சார்!" இறங்கினால் போதும் என்றால் மலிவான விஸ்கியே போதுமே? கோலாவுக்கு வித்தியாசம் தெரியவா போகிறது?

லேபிளில் இருக்கும் அந்த வார்த்தைகளுக்கு அர்த்தம் உண்டு. முளைகட்டிய பார்லியையும் முளைகட்டாத பார்லியையும் கலந்து, ஒரே டிஸ்டிலரியில், பானை பானையாகக் காய்ச்சி வடித்த சரக்கு அது. இரண்டு பார்லியும் தலா 30 சதவிகிதமாவது இருக்க வேண்டும் என்பது அயர்லாந்து விதி. அந்தக் காலத்தில் முளைகட்டிய பார்லிக்கு வரி போட்டார்கள். வரியை மிச்சம் பிடிக்க, முளைகட்டாததையும் நிறையச் சேர்த்தார்கள். பிறந்தது கஞ்சத்தனத்தில்; வாய்த்ததோ தனி ருசி. நாக்கில் எண்ணெய் மாதிரிப் படரும் ஒரு கனம், பின்னாலேயே மிளகு, கிராம்பு போல ஒரு காரம்.

இந்தக் கனத்தைத்தான் உலகம் ஒருமுறை கைவிட்டது. அயர்லாந்தில் கலால் அதிகாரியாக இருந்த ஏனியஸ் காஃபி, நிறுத்தாமல் வடிக்கும் கருவி ஒன்றுக்கு 1830ல் காப்புரிமை வாங்கினார். லேசான சரக்கு, குறைந்த செலவு. டப்ளின் முதலாளிகள் 'இதெல்லாம் விஸ்கியா?' என்று முகம் சுளித்தார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் அள்ளிக்கொண்டார்கள். 1920ல் வந்த அமெரிக்க மதுவிலக்கும் சேர்ந்து அடித்தது. மிஞ்சிய கம்பெனிகள் 1966ல் ஒன்றுசேர்ந்தன. கடைசியில் அவர்களும் லேசான கலப்பு விஸ்கிக்குத்தான் மாறினார்கள். ரெட்பிரெஸ்ட் என்ற அருமையான பாட் ஸ்டில், எண்பதுகளில் நின்றே போய், 1991ல்தான் மறுபிறவி எடுத்தது.

'லேசா இருக்கணும்' என்ற அதே ஆசையை இப்போது உங்கள் டம்ளரில் நீங்கள் தீர்த்துக்கொள்கிறீர்கள். குளிர்ந்தால் மணம் எழும்பாது. மணம் போனால் பாதி ருசி போச்சு.

சிரமமே இல்லை. வாய் குறுகிய சின்னக் கண்ணாடிக் கிளாஸில் 30 மில்லி ஊற்றுங்கள். ஐஸ் வேண்டாம். ரெண்டு நிமிஷம் விடுங்கள். வாயை லேசாகத் திறந்தபடி முகர்ந்து பாருங்கள். ஒரு சின்ன வாய் எடுத்து நாக்கில் உருட்டி, மெதுவாக விழுங்குங்கள். அதன்பிறகு சில சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி பாருங்கள். முதலில் ஒளிந்திருந்த வாசனைகள் வெளியே வரும். அடுத்த 30 மில்லிக்கு அவசரமே வராது.

'என் காசு, என் கிளாஸ், நீ யார்?' என்பீர்கள். நியாயம். அப்படியானால் ஜேம்ஸன் மாதிரி கலப்பு விஸ்கி வாங்கி சோடாவோ இஞ்சி பானமோ தாராளமாக ஊற்றுங்கள். அது அதற்குச் சரிப்பட்டு வரும். பாட் ஸ்டிலை மட்டும் விட்டுடுங்க. ஒருமுறை செத்துப் பிழைத்தது அது. மறுபடி முக்கிக் கொல்ல வேண்டாம்.