எலிக்கு விஷம் வைக்கிறதுக்கு முன்னால குழாயைப் பாருங்க

மார்கழி, தை மாசத்தில் ஏற்காட்டு மலையில் பச்சைத் தண்ணியில் கை வைக்க முடியாது. விறகு அடுப்பில் வெந்நீர் காய்ச்சின காலம் போய், இப்போ பல வீட்டு மேல சோலார் ஏறிவிட்டது. நல்லதுதான். ஆனால் தொட்டியிலிருந்து குளியலறை வரைக்கும் வரும் குழாய்க்குக் கருப்பாக ஒரு ஃபோம் உறை போட்டிருப்பார்கள் பாருங்கள், அதுதான் எலிக்குக் கொண்டாட்டம்.

எலி அதைத் தின்கிறதில்லை. அதுக்கு முன்பல் சாகிற வரைக்கும் வளர்ந்துகொண்டே இருக்கும், எதையாவது கடித்துத் தேய்த்தாக வேண்டும். ஃபோம் மெத்துமெத்தென்று இருப்பதால் பிய்த்துக்கொண்டு போய்க் கூடு கட்டும். குழாயின் கதகதப்பு வேறு. குளிர்நாடுகளில் வீட்டுத் தரைக்கு அடியிலேயே வெந்நீர்க் குழாய் ஓடவிட்டுத் தரையைச் சூடாக்குகிறார்கள். அங்கேயும் சுண்டெலி புகுந்து உறையைக் குதறத்தான் செய்கிறது. தரையைப் பெயர்த்து யார் பார்ப்பது? நம்முடையது கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கிறது, அந்த மட்டும் பரவாயில்லை.

உறை போனால் ராத்திரி பனியில் குழாயில் நிற்கிற தண்ணி ஆறிப்போகும். காலையில் ரெண்டு வாளி பிடித்துக் கொட்டின பிறகுதான் சூடு வரும். உடனே "சோலாரே சரியில்லை" என்பார்கள்.

அடுத்து கடைக்குப் போய் எலி மருந்து கேட்பார்கள். இதுதான் எனக்குப் பிடிக்காதது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசையைத் தமிழ்நாடு அரசு தடை செய்து சில வருஷம் ஆகிறது. இன்னும் அதையே தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வயிற்றுக்குள் போன ஆள் முதல் ரெண்டு நாள் தெளிவாக இருப்பது போலத் தெரியும், அப்புறம் ஈரல் கெடும். அதுக்கு முறிவு மருந்து கிடையாது. பிள்ளைங்க ஓடியாடும் வீட்டில் ஒரு முழம் ஃபோமுக்காக அந்தச் சாமானை வைக்கலாமா? கேக் மருந்து பரவாயில்லை என்பார்கள். அதைத் தின்ற எலி உடனே சாகாது, சில நாள் தள்ளாடித் திரியும். அதைப் பிடித்துத் தின்கிற ஆந்தையும் சேர்ந்து போகும். காப்பித் தோட்டத்துக்கு ஆந்தையைவிட நல்ல காவல்காரன் யார்?

வழியை அடைப்பதுதான் வேலை. பென்சில் நுழைகிற சந்து இருந்தால் சுண்டெலிக்குப் போதும். குழாய் போட வருகிறவர் சுவரில் கையகலத்துக்கு ஓட்டை போட்டுவிட்டு அப்படியே போய்விடுகிறார். கூலியை எண்ணிக் கொடுப்பதற்கு முன்னால் அதை அடைக்கச் சொல்லுங்கள். பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைத் திணித்து, கண்ணாடிச் சில்லு கலந்த சிமெண்ட் பூசினால் எலி பல் வைக்காது. வெறும் சிமெண்ட் ஈரம் காய்வதற்குள் தோண்டிவிடும். கூரையைத் தொடுகிற சில்வர் ஓக் கிளையை நாலடி தள்ளி வெட்டுங்கள். விறகைச் சுவர் ஓரமாக அடுக்காதீர்கள்.

உறைக்கு மேல் பளபளவென்று ஒட்டுகிற அலுமினிய டேப் வெயிலுக்குத்தான், எலிக்கு இல்லை. தகரத்தை வளைத்து மூடலாம், இல்லாவிட்டால் கம்பி வலை சுற்றலாம். சேலத்து ஹார்டுவேர் கடைகளில் அடிக்கணக்கில் வெட்டித் தருவார்கள். கோழி வலை என்று கேட்டு வாங்கிவிடாதீர்கள், அதன் கண் பெரிசு. கால் அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் என்று கேளுங்கள்.