இறந்த பின்னரா செவிமடுப்பது?

ஹந்தானை மலையும் மகாவலி கங்கையும் சூழ்ந்த பேராதனைப் பல்கலைக்கழகத்தின் எழிலைப் புகழாதவர் இல்லை. அதே வளாகத்தில்தான் 1975இல் ரூபா ரத்னசீலி என்ற விவசாய பீட மாணவி, பகிடிவதைக்கு அஞ்சி விடுதி மாடியிலிருந்து குதித்து, நடக்கும் ஆற்றலை இழந்தார். 1997இல் பொறியியற் பீட மாணவர் செல்வநாயகம் வரப்பிரகாஷ், பகிடிவதை என்ற பெயரில் இழைக்கப்பட்ட கொடுமையால் சிறுநீரகம் செயலிழந்து மாண்டார். அதற்குப் பின்னரே நாடாளுமன்றம் விழித்தது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் பிறந்தது.

சட்டத்தை நான் குறை கூறவில்லை. ஆனால், முறைப்பாடு இல்லாமல் சட்டம் அசையாது. சொல்வதற்கு ஆளில்லாமல் முறைப்பாடு பிறக்காது. விடுதியிலிருந்து வீட்டுக்குத் தொலைபேசியில் அழைக்கும் பிள்ளைக்கு நாம் என்ன பதில் சொல்கிறோம்?

“எல்லோரும் பட்டதுதானே, பொறுத்துக்கொள்.”

“வெளியே சொல்லாதே, படிப்புக் கெட்டுவிடும்.”

அந்தப் பிள்ளை மறுபடி வாய் திறக்குமா? வதைப்பவனுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறென்ன வேண்டும்? பெற்றோரும் விரிவுரையாளரும் நல்லெண்ணத்தோடு கூறும் அறிவுரையே அவனுக்குக் கவசமாகிவிடுகிறது.

“இக்காலப் பிள்ளைகளுக்கு மனவுறுதி போதாது” என்று அங்கலாய்ப்போர் உண்டு. அவர்களுக்கு ஒரு கணக்கு. இலங்கையில் தற்கொலை உச்சத்தில் இருந்தது 1995இல். இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர். அப்போது இளைஞராக இருந்தவர்கள் யார்? ‘மனவுறுதி மிக்க’ முந்திய தலைமுறையினரே! பின்னர் அந்த எண்ணிக்கை பெரிதும் குறைந்ததற்கு முதன்மைக் காரணம், கொடிய பூச்சிகொல்லிகள் தடைசெய்யப்பட்டமை என்கின்றன ஆய்வுகள். நஞ்சை எட்டாத தூரத்தில் வைத்தது அரசு. ஆறுதலை எட்டும் தூரத்தில் வைக்க வேண்டியவர்கள் நாமல்லவா?

அதற்குப் பட்டப்படிப்பு தேவையில்லை. 1974 முதல் நம் நாட்டில் இயங்கும் சுமித்ரயோ அமைப்பின் தொண்டர்கள் செய்வது இதைத்தான்: தீர்ப்புக் கூறாமல், அறிவுரை பொழியாமல், சொல்வதை இறுதிவரை கேட்கிறார்கள். நாமும் இடைமறிக்காமல் கேட்கலாம். “நீ என்ன செய்தாய்?” என்ற குறுக்குவிசாரணையைத் தவிர்க்கலாம். “நான் அந்தக் காலத்தில்...” என்று நம் கதையைத் தொடங்காதிருக்கலாம். சாகும் எண்ணம் உண்டா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. பல வேளைகளில் நெஞ்சின் பாரம்தான் குறையும். உண்டு என்றால் தனியே விடாமல் உடனிருந்து, 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணை அழைக்கலாம்.

வரப்பிரகாஷுக்காக நாம் கண்ணீர் விட்டோம், கட்டுரைகள் எழுதினோம். அவை எவையும் அவர் காதில் விழவில்லை. இன்று விடுதியில் உறக்கமின்றிப் புரளும் பிள்ளை உயிரோடு இருக்கிறது. அது பேசும்போது, தயவுசெய்து, நாம் சற்று வாயை மூடிக்கொள்வோம்.