பிள்ளை ‘தலை வலிக்குது’ என்றால்: எங்கள் நிலைப்பாடு

உளுந்தூர்பேட்டை வட்டாரப் பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்து இதை வெளியிடுகிறோம். தலைவலி என்று சொல்லும் பிள்ளைக்கு இங்கே முதலில் கிடைப்பது சந்தேகம். பிறகு தைலம், மருந்துக்கடை மாத்திரை, கடைசியில் கண்ணாடி. எப்போது, எங்கே, எப்படி வலிக்கிறது என்று உட்காரவைத்துக் கேட்பவர் குறைவு. அந்தக் கேள்வியில்தான் சிகிச்சை தொடங்க வேண்டும்.

பெயரிலேயே ஒரு குழப்பம். மைக்ரேனை ஒற்றைத் தலைவலி என்கிறோம். பிள்ளைகளுக்கோ அது பெரும்பாலும் இரண்டு பக்கமும் வலிக்கும். “ரெண்டு பக்கமும்தானே வலிக்குது, அது இல்லை” என்று வீட்டிலேயே முடிவாகிவிடுகிறது. பெரியவர்களுக்குக் குறைந்தது 4 மணி நேரம் நீடிப்பது, பிள்ளைகளுக்கு 2 மணி நேரத்திலேயே அடங்கலாம் என்கிறது 2018-இன் சர்வதேச தலைவலி வகைப்பாடு. மூன்றாம் பீரியடில் வாந்தியெடுத்துச் சுருண்ட பிள்ளை மாலையில் விளையாடப் போனால், நடித்தது என்று பேர். அந்தப் பழியை எங்கள் மனம் பொறுக்கவில்லை.

வலி தொடங்கியவுடனே கொடுத்தால்தான் மாத்திரை நன்றாகக் கேட்கும். மருத்துவர் சீட்டும் பெற்றோர் ஒப்புதலும் இருந்தால், எடைக்கேற்ற பாராசிட்டமாலைப் பள்ளியிலேயே கொடுக்க வழி செய்யுங்கள். ஆனால் மாதம் 15 நாளுக்கு மேல், மாதக்கணக்கில் வலி மாத்திரை விழுங்கினால், அதுவே தலைவலியைக் கொண்டுவரும். நிமெசுலைடு என்ற வலி மாத்திரை 12 வயதுக்குட்பட்டோருக்கு 2011-லேயே தடைசெய்யப்பட்டது. சீட்டில்லாமல் பிள்ளைகளுக்கு எந்த வலி மாத்திரையும் தராதீர்கள் என்று மருந்துக்கடைக்காரர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, விடியற்காலை வாந்தி, நடை தள்ளாட்டம், வலிப்பு, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு: இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

மைக்ரேன் உள்ள 8 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் அமெரிக்காவில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், சோதித்த இரண்டு தினசரித் தடுப்பு மாத்திரைகளும் மருந்தில்லா மாத்திரையை விஞ்சவில்லை. மூன்று குழுவிலும் பாதிக்கு மேற்பட்டோர் தேறினார்கள். அதனால் மாத்திரையை மட்டும் நம்பாமல், பிள்ளையைத் தொடர்ந்து கவனிக்கச் சொல்கிறோம். ஒரு நோட்டில் வலித்த நாள், தூக்கம், சாப்பாடு, மாதவிடாய் ஆகியவற்றைக் குறித்து வந்தால் மருத்துவருக்குப் பாதி விவரம் கையில் கிடைத்துவிடும்.

பட்டினியும் தண்ணீர்க் குறைவும் வலியைக் கிளப்பும். 2022-இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 1 முதல் 5-ஆம் வகுப்பு வரைக்குமானது. மைக்ரேன் கூடுவதோ அதற்கு மேற்பட்ட வயதில். கழிப்பறை சரியில்லை என்று பெண்பிள்ளைகள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமலே இருக்கிறார்கள். கழிப்பறையைச் சரிசெய்வதையும் தலைவலிச் சிகிச்சையில்தான் நாங்கள் சேர்க்கிறோம்.

பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு கண், பல்லோடு தலைவலியையும் விசாரிக்க வேண்டும். சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரியில் வாரம் ஒரு பிற்பகல் பிள்ளைகளின் தலைவலிக்கென ஒதுக்குங்கள். கல்வராயன் மலை உண்டு உறைவிடப் பள்ளிகளில், வலியோடு படுத்திருக்கும் பிள்ளையைக் கவனிக்க விடுதிக் காப்பாளருக்கு முதலில் பயிற்சி கொடுங்கள். அங்கே தாய் பக்கத்தில் இல்லை.