30,000 ரூபாய்க்கு அமைதி கிடைக்காது

‘நாய்ஸ் கேன்சலிங்’ ஹெட்ஃபோன் வாங்கி மாட்டிக்கொண்டால் எந்தச் சத்தமும் காதில் விழாது என்று பலரும் நம்புகிறார்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்காகவும், வீட்டிலிருந்து வேலை பார்க்கும் மருமகளுக்காகவும் 30,000 ரூபாய் வரை மாதத் தவணையில் கட்டுகிறார்கள். இந்த நம்பிக்கை தவறு. விற்கிறவர்களும் அதைத் திருத்துவதில்லை.

கடையில் நடப்பதைக் கவனியுங்கள். கண்ணாடிக் கதவு சாத்திய ஷோரூம். விற்பனையாளர் ஹெட்ஃபோனை நம் தலையில் மாட்டிப் பொத்தானை அழுத்துகிறார். ஏ.சி.யின் இரைச்சல் சட்டென்று அடங்குகிறது. முகம் மலர, கார்டை எடுத்து நீட்டிவிடுகிறோம். இந்தக் கருவிக்கு எந்தச் சத்தத்தை அடக்க வருமோ, அது மட்டும்தான் அந்தக் கடையில் இருந்தது.

1978இல் ஜூரிச்சிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்த பொறியாளர் அமர் போஸுக்கு, விமான இரைச்சலில் பாட்டு சரியாகக் கேட்கவில்லை. அந்தப் பயணத்திலேயே அவர் கணக்குப் போடத் தொடங்கினார். 1989இல் அவருடைய நிறுவனம் விமானிகளுக்கான ஹெட்செட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வெளிச்சத்தத்தை மைக் வழியாக வாங்கி, அதற்கு நேரெதிரான அலையை உண்டாக்கி, ஒன்றை வைத்து மற்றொன்றை அழிப்பதுதான் இதன் சூட்சுமம். எஞ்சின், ஏ.சி. போலத் தாழ்ந்த சுருதியில் ஒரே சீராக ஓடும் சத்தத்திடம் இது பலிக்கும். ஏறக்குறைய 1,000 ஹெர்ட்ஸைத் தாண்டினால் கருவி திணறுகிறது. குக்கர் விசில், பைக் ஹாரன், குழந்தையின் வீறிடல் எல்லாம் பெரும்பாலும் அந்த எல்லைக்கு மேலேதான்.

அங்கே ஓரளவு காப்பது காதைப் பொத்தும் மெத்தை மட்டுமே. அந்த வேலையை மருந்துக் கடையில் கிடைக்கும் நுரை இயர் பிளக் சொற்பக் காசுக்குச் செய்துவிடும். இன்னொரு தொல்லையும் உண்டு. ஃபேன் இரைச்சல் அடங்கியதும், அதில் அமுங்கிக் கிடந்த பக்கத்து வீட்டு டி.வி. வசனம் முன்பைவிடத் துலக்கமாகக் கேட்கும்.

எனக்குக் கோபம் பணத்தைப் பற்றி மட்டுமல்ல. சத்தம் போடுகிறவரை விட்டுவிட்டு, கேட்கிறவர் தலையில் செலவைக் கட்டும் வழக்கத்தை இந்த நம்பிக்கை வளர்க்கிறது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபலுக்கு மேல் சத்தம் கூடாது என்கின்றன 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள். அரசு விலக்களிக்கும் சில விழா நாட்கள் தவிர, இரவு 10 முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. வசதியுள்ளவர்கள் காதை மூடிக்கொண்டால் இதையெல்லாம் யார் கேட்பது? தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும், நாள் முழுக்க நாற்சந்தியில் நிற்கும் போக்குவரத்துக் காவலருக்கும் ஹெட்ஃபோன் மாட்டிவிட முடியுமா?

அடிக்கடி விமானம் ஏறுகிறவர்கள் தாராளமாக வாங்கட்டும், போட்ட காசு வீண்போகாது. மற்றவர்கள் முதலில் ஒரு ஜோடி இயர் பிளக் வாங்கிப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஹெட்ஃபோன்தான் வேண்டுமென்றால், கடைக்கு வெளியே தெருவில் நின்று மாட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். இரவு 10 மணிக்கு மேல் தெருவில் ஒலிபெருக்கி அலறினால் 100க்குப் போன் போடுங்கள்.