பண்ணைத் தொழிலாளருக்கு வாடகை வீடு: யார் பொறுப்பில் இருக்க வேண்டும்?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், பிரெஸ்னோ நகரைச் சுற்றியுள்ள திராட்சைத் தோட்டங்களில் ஆகஸ்டு கடைசியில் அறுவடை தொடங்குகிறது. குலைகளைக் கையால் வெட்டி, கொடி வரிசைகளுக்கு நடுவே விரித்த தாள்களின் மேல் பரப்பி, வெயிலிலேயே உலர்த்தி எடுப்பது அங்கே நெடுநாள் வழக்கம். இயந்திர அறுவடை பரவி வந்தாலும் கைவேலை அடியோடு போய்விடவில்லை. மழைக்கு முன் காய்ந்தாக வேண்டும் என்பதால் சில வாரங்களுக்கு ஆட்கள் ஏராளமாகத் தேவைப்படுகிறார்கள். பகலில் தோட்டத்தில் நிற்கும் இவர்கள் இரவில் எங்கே படுப்பார்கள் என்ற கேள்வி சான் வாக்கீன் பள்ளத்தாக்குக்குப் புதியதல்ல.

1936-ல் மத்திய அரசாங்கம் ஆர்வின் என்ற ஊருக்கருகே கூலித் தொழிலாளருக்கென்று ஒரு முகாம் அமைத்தது. ஜான் ஸ்டைன்பெக் 1939-ல் வெளியிட்ட புகழ்பெற்ற நாவலில் வரும் அரசாங்க முகாமுக்கு இதுவே மாதிரி. கழிப்பறையும், குளிக்கும் இடமும், குடியிருப்போரே தேர்ந்தெடுத்த கமிட்டியும் இருந்தன. அன்று அதுவே பெரிய விஷயம். ஆனால் 1960 நவம்பரில் எட்வர்ட் மர்ரோ என்ற செய்தியாளர் பண்ணைத் தொழிலாளரின் வாழ்க்கையைத் தொலைக்காட்சியில் காட்டியபோது, கால் நூற்றாண்டில் நிலைமை பெரிதாகத் தேறிவிடவில்லை என்பது நாடு முழுவதற்கும் தெரிந்தது.

1961-ல் பண்ணைத் தொழிலாளர் குடியிருப்புக்குக் கடன் தரச் சட்டம் வந்தது. 1964-ல் அதற்கு மானியமும் சேர்ந்தது. இடையில் 1962-ல் கிராமப்புற வாடகை வீட்டுக் கடன் திட்டம், முதலில் முதியோருக்காகத் தொடங்கி, பின்னர் குறைந்த வருமானமுள்ள மற்றவர்களுக்கும் விரிந்தது. இவையெல்லாம் வீட்டுவசதி இலாகாவின் திட்டங்கள் அல்ல, விவசாய இலாகாவின் திட்டங்கள். சிற்றூர்களில் வாடகை வீடு கட்டப் பாங்குகள் முன்வரவில்லை. விவசாயிக்குக் கடன் கொடுத்து வந்த உள்ளூர் அலுவலகமே வீட்டுக் கடனையும் கவனித்தது. விதைக்கும் உழவுக்கும் கடன் போலத்தான் கூலியாள் வீட்டுக்கும் கடன் என்று கருதியது சரியான முடிவு.

நிபந்தனைகளும் தாராளமானவை. வட்டி 1 சதவீதம் வரை இறங்கும். தவணை 50 ஆண்டு வரை நீளும். தனியாரும் கடன் வாங்கலாம், ஆனால் அவர்களுடைய லாபம் போட்ட முதலில் ஆண்டுக்கு 8 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். 1974-ல் வந்த சட்டத்தின்படி வாடகை உதவியும் ஏற்பட்டது. இப்போது குடியிருப்பவர் தம் வருமானத்தில் 30 சதவீதம் கொடுக்கிறார், மீதியை அரசாங்கம் கொடுக்கிறது. இவ்வகையில் நாடெங்கும் ஐந்து லட்சத்துக்கும் அதிகமான வீடுகள் எழுந்தன. ஓர் இடத்தில் இருபது, முப்பது வீடுகள் என்ற அளவில்தான் பெரும்பாலும் இருக்கும்.

கடன் தீரும் நாள்

இத்தனை நல்ல திட்டத்தில் ஓர் ஓட்டை விடப்பட்டது. வாடகை உதவி குடியிருப்பவரோடு கட்டப்படவில்லை, கட்டடத்தின் கடனோடு கட்டப்பட்டது. கடைசித் தவணை கட்டி முடிந்ததும் வாடகை உதவியும் நின்றுவிடும், வாடகைக் கட்டுப்பாடும் விலகிவிடும். சொந்த வீட்டுக்காரர் கடன் தீர்ந்த நாளில் இனிப்பு வாங்கி வருவார். இந்த வீடுகளில் இருப்பவருக்கோ, வீட்டுக்காரரின் கடன் தீரும் நாள் மூட்டை கட்டும் நாளாகிவிடக்கூடும். இவர்களில் பெரும் பகுதியினர் முதியோரும் உடல் ஊனமுற்றோரும் ஆவர். அடுத்த தெருவில் காலி வீடு பார்த்துக்கொள்ளலாம் என்பதற்குச் சிற்றூரில் அடுத்த தெரு இருந்தாலும் வாடகைக்கு வீடு இராது.

1970-களிலும் 1980-களிலும் வாங்கிய கடன்கள் இப்போது வரிசையாகத் தீர்ந்து வருகின்றன. 2011-க்குப் பிறகு இத்திட்டத்தில் புது வாடகை வீடு கட்டக் கடன் கொடுக்கப்படவில்லை. ஆக, போவது போகிறது, வருவது இல்லை.

லாப நோக்கமில்லாத சங்கங்களின் கையில் இவ்வீடுகள் இருக்க வேண்டும் என்று சொல்வதற்கு முதற்காரணம் இதுதான். தனியார் உரிமையாளரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஐம்பது ஆண்டு ஒப்பந்தத்தைக் காத்தவர் அதற்குமேல் தம் சொத்தைச் சந்தை விலைக்கு விற்கக் கூடாது என்று யார் சொல்ல முடியும்? ஆனால் சங்கத்துக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கப் பங்குதாரர் இல்லை. மிஞ்சும் பணம் கூரைக்கும் குழாய்க்கும் போகிறது. குறைந்த வாடகை வீடு நடத்துவதே அதன் சாசனம் என்பதால், கடன் தீர்ந்த பின்பும் அதற்கு வேறு வேலை கிடையாது.

தண்ணீரும் வீடும்

சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் வைசேலியா ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட செல்ஃப்-ஹெல்ப் என்டர்பிரைசஸ் என்ற சங்கம் இதற்கு நல்ல உதாரணம். 1960-களின் தொடக்கத்தில் கோஷன் என்ற சிற்றூரில் மூன்று பண்ணைக் குடும்பங்கள் குவேக்கர் சமயத்தாரின் தொண்டு நிறுவன உதவியோடு தங்கள் வீட்டைத் தாங்களே கட்டிக்கொண்டன. அதிலிருந்து 1965-ல் இச்சங்கம் பிறந்தது. நாலைந்து குடும்பமாகவோ பத்துக் குடும்பமாகவோ சேர்ந்து, ஒருவர் வீட்டுக்கு மற்றவர் உழைத்துக் கட்டும் முறை. ஒரு வீடு முடிந்தது என்று யாரும் முன்னதாகக் குடிபோக முடியாது, எல்லா வீடும் முடிய வேண்டும். பின்னாளில், சொந்த வீட்டுக்குத் தவணை கட்ட இயலாதவர்களுக்காக வாடகைக் குடியிருப்புகளையும் சங்கம் கட்டியது.

வீடு கட்டப் போனவர்கள் தண்ணீரிலும் இறங்க வேண்டியதாயிற்று. அப்பகுதியின் சிற்றூர்கள் பலவற்றில் கிணற்று நீரில் நைட்ரேட் கலந்திருக்கிறது. உர மிகுதியும் மாட்டுப் பண்ணைக் கழிவும் இதற்கு முக்கியக் காரணங்கள் என்பது விவசாயிகள் சிந்திக்க வேண்டிய செய்தி. 2014-ல் கடும் வறட்சியின்போது கிழக்கு போர்ட்டர்வில் என்ற குடியிருப்பில் நூற்றுக்கணக்கான வீட்டுக் கிணறுகள் வற்றின. அப்போது வீடுதோறும் தொட்டி வைத்துத் தண்ணீர் நிரப்பும் வேலையில் இச்சங்கம் முன்னின்றது. பிறகு அக்குடியிருப்பு பக்கத்து நகரத்தின் குடிநீர்க் குழாயோடு இணைக்கப்பட்டது. சிற்றூரில் வாடகை வீடு என்பது நாலு சுவரும் கூரையும் மட்டுமல்ல, நல்ல தண்ணீரும் சாக்கடையும் சேர்ந்தது. தண்ணீர் இணைப்புக்கு வழியில்லாத இடத்தில் எத்தனை மானியம் கொடுத்தாலும் செங்கல் ஏறாது. லாபம் பார்க்கும் கட்டடக்காரர் இவ்வளவு சுமையையும் இழுத்துக்கொண்டு ஒரு சிற்றூருக்கு வருவார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

ஆரகன் மாநிலத்து உட்பர்ன் ஊரிலும் 1990-ல் பண்ணைத் தொழிலாளருக்கென்றே ஒரு வீட்டுச் சங்கம் அமைந்தது. அது கட்டிய குடியிருப்புக்கு ஸ்பானிய மொழியில் ‘புதிய விடியல்’ என்று பெயர்.

பண்ணையாரே கொடுக்கலாகாதா?

வேலை கொடுப்பவரே வீடும் கொடுத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. வெளிநாட்டிலிருந்து தற்காலிக அனுமதியில் வரவழைக்கும் கூலியாளுக்குப் பண்ணையார் இலவசமாக இடம் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டமே சொல்கிறது. அதனால் சில ஊர்களில் பழைய விடுதிகளையும் வீடுகளையும் மொத்தமாகப் பிடித்துவிடுகிறார்கள். உள்ளூர்க் குடும்பங்களுக்கு இருந்த வாடகை வீடும் குறைந்து போகிறது. இன்னொரு தீமையும் உண்டு. முதலாளியே வீட்டுக்காரர் ஆகும்போது கூலித் தகராறு செய்தவனுக்கு வேலையோடு வீடும் போகிறது, குழந்தைகளின் பள்ளிக்கூடமும் போகிறது. ஆறு வார அறுவடைக்காக வீடு கட்டிப் பராமரிக்கச் சிறு விவசாயிக்கும் கட்டுபடியாகாது. தனித்து நிற்கும் ஒரு சங்கத்தின் வீடு இரு தரப்புக்கும் நல்லது.

சங்கங்களெல்லாம் சரியாக நடக்கின்றன என்பதல்ல. ஒரே ஒரு சம்பள ஊழியரை வைத்துக்கொண்டு தடுமாறும் சங்கங்கள் உண்டு. பராமரிப்பு நிதியைச் சேர்க்காமல் வாடகையைக் குறைத்துக்கொண்டே போய், பிறகு கூரை ஒழுகும்போது கைவிரிப்பதும் நடக்கக் கூடியதே. நல்லெண்ணம் கணக்கெழுதாது.

அரசாங்கம் சற்று விழித்திருக்கிறது. கடன் தீர்ந்தாலும் வாடகை உதவி தொடர்வதற்கு 2024-ல் சட்டம் இடம் கொடுத்தது. ஆனால் சோதனை முயற்சியாக ஆயிரம் வீடுகளுக்கு மட்டும். இத்திட்டத்தில் மிஞ்சியிருப்பவையோ சுமார் நான்கு லட்சம் வீடுகள். இந்த வரம்பை எடுத்துவிடுவது முதல் வேலை. அடுத்தது, விற்க விரும்பும் உரிமையாளரிடமிருந்து சங்கம் வாங்கும் வழியை எளிதாக்குவது. இப்போது இலாகாவின் ஒப்புதல், 1986-ல் வந்த வரிச்சலுகைக்கான போட்டி, மாநில மானியம், பாங்குக் கடன் என்று நாலு கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது. முப்பது வீட்டுக்கும் முந்நூறு வீட்டுக்கும் ஏறக்குறைய அதே காகிதக் கட்டு. வரிச்சலுகையில் 10 சதவீதம் லாப நோக்கமில்லாதவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தாலும், வக்கீலையும் கணக்கரையும் வைத்திருக்கும் பெரிய நகரச் சங்கங்களோடு சிற்றூர்ச் சங்கம் போட்டியிட வேண்டியிருக்கிறது. முப்பது வீட்டுக்குரிய சிறிய விண்ணப்பம் ஒன்றை விவசாய இலாகா தனியே வகுத்து, பழுது பார்க்கும் செலவையும் அதே கடனில் சேர்த்துக் கொடுக்கலாம்.